பென்சிலில் பதினேழு

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் நான் செய்கிற முதல் வேலை, என் நாவலைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஃபோனில் தேடிப் பார்ப்பது. வெளியில் யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். "விமர்சனங்களை நான் படிப்பதில்லை" என்று ஒரு பேட்டியில் அலட்டலாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேட்டிக்குக் கீழே வந்த முப்பத்தொன்பது கருத்துகளையும் உட்கார்ந்து படித்தேன்.

நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவன். நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டு, கேஸ் கட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, வழக்குகளைக் கூப்பிட்டு, தாக்கலாகும் ஆவணங்களுக்கு நம்பர் போடுகிற ஆள். நாவலின் பின்னட்டையில் "முப்பத்தைந்து ஆண்டுகள் நீதித் துறையில் அப்பழுக்கற்ற பணி" என்று போட்டிருக்கிறது. பதிப்பாளர் எழுதியது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இருக்கும் புகைப்படம் பன்னிரண்டு வருடம் பழையது. அதில் எனக்கு முடி இருக்கிறது.

நாவலின் பெயர் 'வரைபடச் சதி'. ஓர் அமைச்சர் ஒரு முழு ஏரியை விழுங்கி ஏப்பம் விடுகிறார். அங்கே ஏரி இருந்தது என்பதற்கு ஒரே ஆதாரம் ஒரு பழைய வரைபடம். அது நீதிமன்றத்துக்குள்ளேயே காணாமல் போகிறது. முப்பத்திரண்டு வயது நீதிமன்ற ஊழியன் ஒருவனும் ஒரு பெண் வக்கீலும் சேர்ந்து பதினோரே நாளில் அரசாங்கத்தைக் கவிழ்க்கிறார்கள். அந்த ஊழியன் ஏழு மாடி ஓடி ஏறி, மூச்சு வாங்காமல் இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசுவான். நான் எங்கள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாலே நடுவில் ஒருமுறை படியில் உட்காருவேன்.

புத்தகம் எப்படியோ ஓடிவிட்டது. எட்டு மாதத்தில் நான்காம் பதிப்பு. ஓடுகிற புத்தகத்துக்கு அபிப்பிராயங்கள் குறைவா என்ன? ஒருவர் "எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். அடுத்தவர் "கீழே வைத்தேன், மறுபடி எடுக்க முடியவில்லை" என்று ஒன்று கொடுத்தார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் எங்கள் தலைவரைக் கேவலப்படுத்திவிட்டான் என்று திட்டினார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், இல்லை, இது எங்கள் தலைவரைத்தான் குறிக்கிறது என்று அதைவிடக் காட்டமாகத் திட்டினார். அமைச்சரின் தொந்தியையும் செருமலையும் எங்கள் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடமிருந்து எடுத்தேன் என்பது இருவருக்கும் தெரியாது. நாற்பது வருடம் தொழில் செய்த வக்கீல் ஒருவர், வாய்தாவே இல்லாமல் பதினோரு நாளில் தீர்ப்பு வரும் அந்த நீதிமன்றத்தின் முகவரியைக் கொடுத்தால் தன் கேஸ்களையெல்லாம் அங்கே மாற்றிக்கொள்வதாக எழுதியிருந்தார். இன்னொரு வாசகி ஐந்து நட்சத்திரம் போட்டு, "பார்சல் கிழியாமல் வந்தது" என்று மட்டும் எழுதினார். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திட்டினவர்களும் புகழ்ந்தவர்களும் ஒத்துப்போன இடம் ஒன்றே ஒன்று, வில்லன். கதாநாயகன் அட்டையில் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறான், வில்லன்தான் ரத்தமும் சதையுமாக நடமாடுகிறான் என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். வில்லன் ஒரு வயதான பெஞ்ச் கிளார்க். மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கிற திறமை நமக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

வீட்டில் நிலவரம் வேறு. என் மனைவி முப்பத்திரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் வக்கீல் எந்தக் காட்சியில் வந்தாலும் ஈரத் தலையோடு வருகிறாளே, சளி பிடிக்காதா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

நாவலின் முக்கியமான முடிச்சை இங்கே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆவணம் வந்தால், எங்கள் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க் அதன் மூலையில் பென்சிலால் நம்பர் எழுதிப் பக்கத்து மேசைக்குத் தள்ளுவார். அங்கே இருக்கும் உதவியாளர் முத்திரை குத்தி, பென்சில் நம்பருக்குப் பக்கத்தில் அதே நம்பரை மையால் எழுதிவிட்டு, பென்சிலை ரப்பரால் அழித்துவிடுவார். காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது பழைய நீதிபதி ஒருவர் போட்ட உத்தரவு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் உத்தரவு போகவில்லை. நாவலில் வில்லன் இந்த வழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறான். வரைபடத்துக்குப் பதினேழு என்று நம்பர் போட்டபின், அடுத்து வந்த ஒரு வரி ரசீதுக்கும் வேண்டுமென்றே பென்சிலில் பதினேழு என்றே போடுகிறான். பக்கத்து மேசைப் பெண் ஒன்றும் அறியாமல் மையால் பதினேழு எழுதி, பென்சிலை அழித்துவிடுகிறாள். பட்டியல் தயாரிப்பவர் பதினேழை ஒருமுறைதான் சேர்ப்பார். ரசீது பட்டியலில் ஏறுகிறது, வரைபடம் கட்டுக்கு அடியில் அமுங்கிப்போகிறது. குற்றம் செய்த கையின் எழுத்து எங்குமே இல்லை. "என்ன மூளை ஐயா உமக்கு" என்று ஒரு பேராசிரியர் இதற்காக எனக்குக் கடிதமே எழுதினார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வழக்கம் போல ஃபோனை எடுத்தேன். புதிதாக ஒரு விமர்சனம். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நகல் பிரிவு' என்று இருந்தது.

"கதை விறுவிறுப்பு. மூன்று நட்சத்திரம். இரண்டைக் குறைத்ததற்குக் காரணம், பென்சில் விஷயத்துக்குப் பின்னால் சதி இருந்தது என்பதை நம்ப முடியவில்லை. ஒரு ஆள் சாப்பிட்டுவிட்டு வந்து கவனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். மற்றபடி, பென்சிலில் இருந்தது பதினேழுதான் என்று எழுதியதற்கு ஆசிரியருக்கு நன்றி. இத்தனை நாளாக எனக்கு அது நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது."

எழுதியது யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. என் மனைவியின் தங்கை.

என் மச்சினியும் அதே நீதிமன்றத்தில்தான் வேலை பார்த்தாள், இன்னும் பார்க்கிறாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் அவள்தான் என் பக்கத்து மேசை. ஒரு தெருக்காரர்கள் தங்கள் நடைபாதைக்காக நகராட்சி மேல் போட்ட வழக்கு. அமைச்சரும் கிடையாது, ஏரியும் கிடையாது. ஒரு பழைய வரைபடம் உண்டு, அதற்கு உணவு இடைவேளைக்கு முன்னால் பதினேழு என்று நம்பர் போட்டேன். இடைவேளை முடிந்ததும் கடைசி ஆவணமாக ஒரு வரி ரசீது வந்தது. அதற்கும் பதினேழு என்றே போட்டேன். யாரும் எனக்குக் கையூட்டுக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. கேஸ் கட்டுக்கு அடியில் ஒரு நோட்டை ஒளித்து வைத்துக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் ஒரு பெண் ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தாள்.

மேல் நீதிமன்றம் பதினேழாம் ஆவணத்தைக் கேட்டபோது வரி ரசீது போனது. வரைபடம் எங்கே என்று கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் அது கட்டின் அடியில் கிடைத்தது. அதற்குள் விசாரணை வைத்துவிட்டார்கள். ரசீதின் மேல் இருந்த மைப் பதினேழு என் மச்சினியின் கையெழுத்து. பென்சில் அழிந்துபோயிருந்தது. சார் பென்சிலில் பதினேழு என்றுதான் போட்டார் என்று அவள் சொன்னாள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு அப்போது ஒரு பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. நான் பதினெட்டு என்றுதான் எழுதினேன் என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவளுடைய பணிப் பதிவேட்டில் "கவனக்குறைவால் ஆவணத்தைத் தவறவிட்டவர்" என்று சிவப்பு மையில் ஏறியது. அவளை நகல் பிரிவுக்குத் தள்ளினார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கண்காணிப்பாளர் ஆனார்கள், அவள் அங்கேயே கிடந்தாள். குடும்பத்திலும் சும்மா விடவில்லை. யார் வீட்டில் எது காணாமல் போனாலும் "கட்டைத் தொலைச்சவளைக் கேளு" என்று சிரிப்போம். அந்தக் கேலியை ஆரம்பித்தது யார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நான்தான். சிரிப்பதிலும் என் குரல்தான் உயரும்.

இன்னும் மூன்று மாதத்தில் அவள் ஓய்வு பெறுகிறாள். அந்தச் சிவப்பு வரியை நீக்கச் சொல்லி இரண்டு முறை மனு போட்டுப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். புதிய ஆதாரம் இல்லாமல் பழைய விசாரணையைத் திறக்க முடியாது என்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். புதிய ஆதாரம் என்றால் நான்தான். நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அவள் என்னிடம் கேட்டதே இல்லை. தன் பெருந்தன்மையால் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். விமர்சனத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. அன்றைக்குத் தான் பார்த்தது பதினேழா பதினெட்டா என்று அவளுக்கே சந்தேகம். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் அவள் தன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றம் என்று நாவலில் மார்தட்டியிருந்தேன். அதை நானே நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில், விலை போட்டு, நான்கு பதிப்பு அச்சிட்டு, ஊர் பூராவும் விநியோகம் செய்திருக்கிறேன். வில்லனின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எழுதியவனுக்கு இந்த அளவு மூளைகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நூலக அரங்கில் வாசகர் சந்திப்பு இருந்தது. காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் என் மனைவி, வாழ்க்கையில் முதல் முறையாக, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறாளாம். மூன்றாவது வரிசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மச்சினி புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் பேருந்துச் சீட்டு செருகியிருந்தது. அது எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

வாசகர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் இதை மாணவர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் இருந்த வங்கிக்காரர், மாணவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றார். அந்த நாற்பது வருட வக்கீல் நேரிலேயே வந்திருந்தார், முகவரி விஷயத்தை மறுபடி கேட்டார். ஒருவர் முடிவு பிரமாதம் என்றார். இன்னொருவர் முடிவு எது, கடைசி மூன்று அத்தியாயத்திலும் முடிந்துகொண்டே இருக்கிறதே என்றார். வழக்கமாக இதையெல்லாம் உள்ளுக்குள் கணக்கெடுத்து, பாராட்டு எத்தனை வசவு எத்தனை என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

அப்புறம் மச்சினி கையைத் தூக்கினாள். மைக்கை அவளிடம் கொடுத்தார்கள். அவள் என்னை உறவு சொல்லிக் கூப்பிடவில்லை.

"நாவல் நல்லா இருக்கு. ஒரே ஒரு கேள்வி. பென்சில்ல பதினேழுன்னு எழுதியிருந்ததா நாவல்ல வருது. நிஜமா ஒரு கோர்ட்டுல இப்படி நடந்துச்சுன்னு நீங்க பார்த்து எழுதினீங்களா, இல்ல கற்பனையா?"

அவள் குரலில் கோபம் இல்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அவள் கெஞ்சினாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நூற்றைம்பது பேர் நடுவில் கெஞ்சினாள். "ஆமாம், நடந்தது" என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். நான் தொண்டையைச் செருமினேன். இஸ்திரிக் கடைக்காரரின் அதே செருமல்.

"முழுக்க முழுக்கக் கற்பனைங்க" என்றேன். அதோடு நிறுத்தினேனா? கற்பனை என்பது உண்மையைவிட உண்மையானது என்று ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டேன். பலத்த கைதட்டல். நாற்பது வருட வக்கீல்கூடத் தட்டினார். அவள் "சரி" என்று சொல்லி உட்கார்ந்தாள். செருகியிருந்த பேருந்துச் சீட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் இருபது பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். வரிசையில் அவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாப்பாடு போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து என் நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. விரல் வைத்துத் தேடி நேராகப் பென்சில் அத்தியாயத்துக்குப் போனாள். ஒரு பெண் என் புத்தகத்தை வைத்த கண் வாங்காமல் படிப்பதைப் பார்க்க எத்தனை நாளாக ஆசைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீச வேண்டும் போல இருந்தது.

அரைமணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"இந்த வில்லன் பென்சிலைக் காதுல சொருகிட்டு வீடெல்லாம் தேடுறான். சாப்பிட்டதும் ஒரு பக்கமா சாஞ்சு உட்கார்றான். கட்டுக்கு அடியில நோட்டு வெச்சுக்கிறான். ஹீரோ கிட்ட உங்க சாயல் மருந்துக்குக்கூட இல்ல. இவன் அச்சு அசல் நீங்க."

பூசி மெழுகப் பார்த்தேன். எழுத்தாளன் என்றால் எல்லாப் பாத்திரத்திலும் கொஞ்சம் இருப்பான் என்று ஒரு சப்பைக்கட்டு. அவள் புத்தகத்தை மூடவில்லை, விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"சுத்தி வளைக்க வேண்டாம். அன்னைக்குப் பென்சில்ல என்ன எழுதினீங்க?"

"பதினேழு."

பதினாறு வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் மனசு லேசாகிவிடும் என்று நானே நாவலில் எழுதியிருக்கிறேன். ஒன்றும் லேசாகவில்லை. என் மனைவி அழுதாள். என்னை நினைத்து அழவில்லை. தன் தங்கையை நான் எத்தனை முறை எத்தனை பேர் முன்னால் கேலி செய்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுக்காதே என்று சொன்னது, மாமனாரின் மருத்துவக் காகிதங்களை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நானாக இருந்தால் இவ்வளவையும் மறந்திருப்பேன். மறந்தும் போயிருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செருப்பைப் போடுங்கள் என்றாள்.

மச்சினி வீடு நான்கு நிறுத்தம் தள்ளி. நாங்கள் போனபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவைத் திறந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். பேருந்தில் வரும்போதே நான் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். மனித மனத்தின் பலவீனங்கள் என்று தொடங்கி மன்னிப்பில் முடியும். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத்தான், பேச வேண்டாம். எழுதிக் கொடுங்க."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். நான் எழுதினேன். முழுப் பக்கம் வந்தது. காலத்தின் கோலம், விதியின் விளையாட்டு, உறங்காத மனசாட்சி எல்லாம் வந்தன. அவள் வாங்கிப் படித்தாள். முப்பது வருடம் கோர்ட்டுக் காகிதங்களைப் படித்த கண். ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து மேலிருந்து கீழாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். விதி போயிற்று, காலம் போயிற்று, மனசாட்சி போயிற்று. என் எழுத்தின் மேல் இதுவரை இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை. கடைசியில் ஐந்து வாக்கியம் மிஞ்சியது.

என் மனைவி அதை வாங்கி உரக்கப் படித்தாள். இந்த வழக்கில் கடைசி ஆவணத்தின் மேல் பென்சிலில் பதினேழு என்று எழுதியது நான். பதினெட்டு என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது நான் வேலையைக் கவனிக்காமல் கட்டுக்கு அடியில் நோட்டு வைத்துக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய நம்பரை மையில் எழுதியதைத் தவிர உதவியாளர் வேறெதுவும் செய்யவில்லை. விசாரணையில் பதினெட்டு என்று நான் சொன்னது தவறுதலாகச் சொன்னது.

அவள் அங்கே நிறுத்தினாள். "தவறுதலாவா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் புதுத் தாள் எடுத்தேன். முதல் நான்கை அப்படியே எழுதிவிட்டு, கடைசி வாக்கியத்தை, "நான் சொன்னது பொய்" என்று எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எனக்கு அவ்வளவு கஷ்டமாக எந்த வாக்கியமும் வரவில்லை.

மச்சினி தாளை வாங்கி மேசை மேல் வைத்துத் தடவிக்கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நான் என் கண்ணால பார்த்தேன் அத்தான். உங்க மேல இருந்த மரியாதையில அதை நம்பாம விட்டுட்டேன். அன்னையிலிருந்து எதை எழுதினாலும் மூணு தடவை பார்ப்பேன். நகல் பிரிவுல எல்லாரும் சிரிப்பாங்க. புத்தி சரியா இருக்கான்னு டாக்டர்கிட்டகூடப் போனேன், அக்காவுக்குத் தெரியாது."

நான் அழுதேன். அழுகையிலும் ஒரு எழுத்தாளன் எட்டிப் பார்த்து, இந்தக் காட்சி நன்றாக வந்திருக்கிறது என்றான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு நீங்களே வந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு நிர்வாகப் பிரிவுக்குப் போனோம். பணிப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிற மேலாளர் எனக்குப் பின்னால் வந்தவர், பழக்கம் இல்லை. அவருடைய அறை குறுகலானது. ஒரு மேசை, சுவரெல்லாம் பதிவேட்டு அலமாரிகள், எதிரே வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. புகைப்படத்தில் இருக்கும் முடி இல்லாமலேயே அடையாளம் கண்டுகொண்டார். உட்காருங்கள் சார் என்று வற்புறுத்தி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். மச்சினியிடம், நீங்க கொஞ்சம் நில்லுங்க, சாரைக் கவனிச்சுட்டு வர்றேன் என்றார். அவள் அலமாரி ஓரமாக ஒதுங்கிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேசை டிராயரிலிருந்து என் நாவலை எடுத்தார். வீட்டில் எல்லாரும் படித்துவிட்டார்களாம். மகளுக்கு முடிவு பிடிக்கவில்லையாம், அவருக்குப் பிடித்ததாம், அவர் மனைவிக்கு வில்லனை மட்டும் பிடித்ததாம். நம் ஆபீஸிலிருந்து ஒருவர் இவ்வளவு பெரிய ஆளாக வந்தது எங்கள் எல்லாருக்கும் பெருமை என்றார். முதல் பக்கத்தைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

எனக்கு அந்தப் பேனாவை வாங்கிவிட வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்வதானால், கைகூட நீண்டது. அந்தக் கையால்தான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். இதை முதலில் படியுங்கள் என்று புத்தகத்தின் மேல் வைத்தேன்.

அவர் சிரித்த முகத்தோடு படிக்க ஆரம்பித்தார். ஐந்து வாக்கியம்தான். இரண்டாவது வாக்கியத்தில் சிரிப்பு நின்றது. முடித்துவிட்டு, எழுந்து போய் அலமாரியில் ஒரு பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். பக்கங்களைத் தள்ளி, அந்தச் சிவப்பு வரியில் விரலை வைத்து, என் தாளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவின் மூடியைப் போட்டார். புத்தகத்தை எடுத்து டிராயருக்குள் வைத்துச் சாத்தினார். அவ்வளவு நேரம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், ஏன் நிக்கிறீங்க? உட்காருங்க" என்றார்.

அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்துகொண்டேன்.